‘உரிய தகவல் தெரிவிக்கப்பட்டது’ என்பது எப்போது உண்மையாகும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பற்றிய செய்திகளில் ஒரு வாக்கியம் ஓயாமல் வருகிறது. காவிரியில் நீர்வரத்து கூடினாலும், கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் உடைந்து விநியோகம் நின்றாலும், ஊராட்சியில் ஏதேனும் பணி தொடங்கினாலும், ‘இது குறித்துப் பொதுமக்களுக்கு உரிய தகவல் தெரிவிக்கப்பட்டுள்ளது’ என்று அதிகாரிகள் கூறியதாகச் செய்தி முடிகிறது. செய்தியாளர்கள் தாங்கள் கேட்டதை அப்படியே எழுதுகிறார்கள். அவர்கள்மீது குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த வாக்கியத்தைச் சொன்னதும் கடமை முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் நம் நிர்வாகத்தில் வேரூன்றிவிட்டதையும், அதன் விளைவு, குடிநீரில் கலந்துள்ள புளோரைடால், எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பற்களிலும் பெரியவர்களின் மூட்டுகளிலும் தெரிவதையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் பென்னாகரம் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக மனுக்களும், தகவல் அறியும் உரிமைச் சட்ட விண்ணப்பங்களும் எழுதிக்கொடுத்து வருபவன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ‘ஒரு தகவல் வேண்டும்’ என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அவர்கள் மனத்தில் இருக்கும் தகவல் ஒன்று. அலுவலகம் தரக் கடமைப்பட்ட தகவல் வேறொன்று. இந்த இடைவெளியை விளக்குவதிலேயே நேரத்தில் பாதி போய்விடுகிறது. ஆகவே இந்தச் சொல் எந்தெந்த இடத்தில் எதைக் குறிக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடம் போகாதவரும் இந்தச் சொல்லை அறிந்திருப்பது ‘முதல் தகவல் அறிக்கை’யின் வழியாகத்தான். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் குற்றம் உறுதியாகிவிட்டது என்று எதிர்த்தரப்பைத் தூற்றுவோரும் உண்டு. ‘ஆதாரத்தைக் கொண்டுவா, பிறகு எஃப்.ஐ.ஆர். போடலாம்’ என்று திருப்பி அனுப்பப்பட்டோரும் உண்டு. இரண்டுமே சட்டத்துக்குப் பொருந்தாதவை. அங்கே தகவல் என்பது ஒருவர் வந்து சொல்லும் கூற்று மட்டுமே. அது மெய்யா பொய்யா என்று பார்ப்பது அதற்குப் பின் வரும் புலனாய்வின் வேலை. 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாக அந்தக் கூற்றிலிருந்து தெரிந்தால் வழக்குப் பதிவு செய்வது கட்டாயம் என்றும், அந்த நிலையில் கூற்றின் நம்பகத்தன்மை ஒரு நிபந்தனை ஆகாது என்றும் தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு இடம் விட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவாகியுள்ள இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி உண்டு. வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை எழுதிக்கொண்ட அதிகாரி, அதைச் சொன்னவருக்கே படித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த வரி. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒருவர் எதிரில் நிற்கிறார் என்பதை அந்த விதியை எழுதியவர்கள் மறக்கவில்லை.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் கிடைக்கும் தகவல் இதற்கு நேர்மாறான தன்மை உடையது. வில்லங்கச் சான்றில் ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்று வந்துவிட்டால் நிலம் சுத்தமாக இருப்பதாக நம்பி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சான்று சொல்வது, தேடிய ஆண்டுகளுக்குள் அந்தச் சர்வே எண்ணுக்கு அந்தப் பதிவேட்டில் பதிவு எதுவும் இல்லை என்பதை மட்டுமே. பதிவு செய்யாத கிரய உடன்படிக்கையோ, பங்காளிகளுக்குள் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையோ அதில் வராது. பதிவேட்டில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று எடுத்துக்கொண்டவர்களின் மனுக்களை நான் நிறையவே எழுதியிருக்கிறேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் வேலை பெரும்பாலும் அதனோடுதான். அரசின் செயல்களை அறியும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1975-ல் ராஜ் நாராயண் வழக்கிலேயே சொல்லியிருந்தது. நம் தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. நாடு தழுவிய சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதற்கு உரம் சேர்த்தவர்களில் முதலிடம் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பைச் சேர்ந்தவர்களுக்கு உரியது. 1990-களில் அவர்கள் நடத்திய மக்கள் விசாரணைகளில், அரசுப் பணிகளின் வருகைப் பட்டியல்களும் செலவுச் சீட்டுகளும் ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படிக்கப்பட்டன. வேலைக்கே போகாதவரின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. அந்தத் தாள்கள் அலுவலக அலமாரியில் இருந்தவரை வெறும் ஆவணங்கள்தாம். அவற்றில் எழுதப்பட்டது பொய் என்று சொல்லக்கூடியவரின் காதில் விழுந்தபோதுதான் அவற்றுக்கு உயிர் வந்தது.

அந்தச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு தகவலுக்குத் தரும் வரையறை மிக விரிவானது. எந்த வடிவில் இருக்கும் எந்தப் பொருளும் தகவலே: பதிவேடு, குறிப்பு, மின்னஞ்சல், கருத்துரை, ஆலோசனை, சுற்றறிக்கை, ஆணை, ஒப்பந்தம், அறிக்கை, மின்னணு வடிவில் உள்ள தரவு, ஏன், மாதிரிப் பொருள்கள்கூட. புதிதாகப் போட்ட சாலையின் கலவையில் சான்றளிக்கப்பட்ட மாதிரி கேட்டுப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் இந்த விரிவுக்கு ஒரு வேலியும் உண்டு. அந்தப் பொருள் அலுவலகத்தின் வசம் ஏற்கெனவே இருக்க வேண்டும். கேட்டவருக்காகப் புதிதாகத் திரட்டியோ தொகுத்தோ தர வேண்டிய கடமை இல்லை என்று 2011-ல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்ற கேள்விக்கான பதில் தகவல் ஆகாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2008-ல் கூறியிருக்கிறது.

ஆனால் எங்கள் மக்களின் கேள்விகள் எல்லாமே ‘ஏன்’ என்றுதான் தொடங்குகின்றன. ‘பக்கத்து ஊருக்கு ஒகேனக்கல் தண்ணி வருது, எங்க ஊருக்கு ஏன் வரல?’ என்று கேட்டு விண்ணப்பம் போட்டால், அது தகவல் அன்று எனத் திரும்பி வந்துவிடும். ஆகவே அதை நான் இப்படி மாற்றி எழுதுகிறேன்: இன்ன ஊராட்சியில் உள்ள இன்ன மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை வழங்கப்பட்ட குடிநீரின் அளவைக் காட்டும் பதிவேட்டின் சான்றளிக்கப்பட்ட நகல், அந்தக் குழாய்த் தடத்தில் மேற்கொண்ட பராமரிப்புப் பணிகளின் பதிவேட்டு நகல், அது தொடர்பான கோப்பில் உள்ள குறிப்புகளின் நகல். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி இப்படிக் கேட்டால் 30 நாள்களுக்குள் தர வேண்டும். தகுந்த காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்குத் தண்டம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கேட்டவரின் ‘ஏன்’ அந்தத் தாள்களுக்குள் எங்கோ இருக்கும். அதைத் தேடி எடுப்பது கேட்டவரின் பொறுப்பாகிவிடுகிறது.

இப்போது புளோரைடுக்கு வருகிறேன். கருங்கல் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து கரைந்து வரும் இந்தப் பொருள் எங்கள் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் நெடுங்காலமாக இருந்து வருவது அரசு அறியாதது அன்று. ஜப்பான் நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே, புளோரைடு மிகுதியால் பல்லையும் எலும்பையும் தாக்கும் புளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது சேர்ந்திருக்கிறது. 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-ல் அத்திட்டம் செயல்பாட்டுக்கு வந்தபின் எத்தனையோ ஊர்களின் நிலைமை மாறியிருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதற்கு நன்றியுடையவன். ஆயினும் கோடையில் வரத்துக் குறையும்போது, ஆழ்குழாய்த் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றிச் சேர்த்து விடுகிற ஊர்கள் இருக்கின்றன. அந்தத் தண்ணீருக்கு நிறம் மாறாது, நாற்றம் வராது, நாக்குக்கும் வேறுபாடு தெரியாது. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். காய்ச்சும்போது நீர் ஆவியாகிப் போய்ப் புளோரைடு அப்படியே தங்குவதால் செறிவு சிறிது கூடுமே தவிரக் குறையாது. பல் உருவாகும் வயதில் குழந்தை இதைத் தொடர்ந்து குடித்தால் ஏற்படும் பழுப்புக் கறை பிறகு எந்தப் பற்பசையாலும் போகாது. ஆகவே இந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை, யாராவது சோதித்துச் சொன்னால் ஒழியக் குடிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

சோதனைகள் நடக்கின்றன. ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி தரப்படுகிறது. சிறு குப்பியில் தண்ணீரை எடுத்து வினைப்பொருளை விட்டால், புளோரைடு கூடக் கூட இளஞ்சிவப்பு வெளுத்து மஞ்சளாக மாறும். அதை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் குறிக்கிறார்கள். அதற்கு மேல் ஆய்வகச் சோதனையும் உண்டு. முடிவுகள் பதிவாகின்றன, இணையத்தில் ஏறுகின்றன. பதிவானதும் ஏற்றப்பட்டதும் உண்மை. அந்தக் குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு அந்த முடிவு தெரியுமா என்பதுதான் என் கேள்வி.

சென்ற கோடையில் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகளின் முன்பற்களில் பழுப்புக் கோடு விழத் தொடங்கியிருந்தது. தங்கள் தெருவுக்கு வரும் தண்ணீரின் சோதனை முடிவைக் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தேன். எந்த அலுவலகம் என்பதை இங்கே குறிப்பிடவில்லை. கெடுவுக்குள் பதில் அனுப்பினார்கள், அதில் குறையில்லை. ‘தாங்கள் கோரிய தகவல் இணைத்து அனுப்பப்படுகிறது’ என்ற முகப்புக் கடிதத்தின் பின்னால் நகலெடுத்த ஓர் அட்டவணை இருந்தது. அது முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. தொட்டிகளுக்கு ஊர்ப்பெயரோ தெருப்பெயரோ இல்லை, நீண்ட குறியீட்டு எண்கள் மட்டும் இருந்தன. ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்தின்கீழ் எண்கள் வரிசையாக நின்றன. எந்த எண் வரை குடிக்கலாம் என்ற வரம்பு எங்கும் குறிப்பிடப்படவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘ஏங்கண்ணா, இதுல நம்ம தண்ணி எது? அதை நான் பாப்பாவுக்குக் குடுக்கலாமா, கூடாதா?’ என்று கேட்டார். குறியீட்டு எண் எந்தத் தொட்டிக்கு உரியது என்பதைத் தொட்டி இயக்குபவரிடம் விசாரித்துக் கண்டுபிடித்தபோது, அதன் புளோரைடு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 1 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. சோதனை நடந்த தேதியோ பதில் வந்த நாளுக்கு வெகுகாலம் முந்தையது.

சட்டத்தின் பார்வையில் அந்த விண்ணப்பம் முழுமையாக நிறைவேறிவிட்டது. கேட்ட நகல் கிடைத்துவிட்டதால் மேல்முறையீட்டுக்கு இடமில்லை. ஆனால் அந்தத் தாய்க்குத் தகவல் கிடைத்தது குறியீட்டு எண்ணுக்கும் தெருவுக்கும் முடிச்சுப் போட்ட பிறகுதான். அந்த முடிச்சைப் போடும் வேலையை அரசு செய்திருக்க வேண்டாமா?

செய்திருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. யாரும் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றைப் பற்றிய 4-ஆம் பிரிவு, விண்ணப்பங்களின் பரபரப்பில் மறக்கப்பட்டுவிட்டது. அதன்படி தகவல் பொதுமக்கள் எளிதில் அணுகக்கூடிய வடிவில் பரவலாக வெளியிடப்பட வேண்டும். அவ்வட்டார மொழியும், அந்தப் பகுதியில் எந்த வழியில் சொன்னால் நன்றாகச் சென்று சேரும் என்பதும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும். அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம் எல்லாம் அந்த விளக்கத்தில் இடம்பெறுகின்றன. விண்ணப்பம் போட்டவருக்குத் தாளைக் கொடுப்பது ஒரு கடமை; விண்ணப்பமே போடத் தெரியாதவரிடம் செய்தியைக் கொண்டு சேர்ப்பது இன்னொரு கடமை. எங்கள் பகுதியில் முதலாவது ஓரளவு நடக்கிறது. இரண்டாவது இணையத்தில் ஏற்றுவதோடு நின்றுவிடுகிறது.

இங்கே வேறொரு கவலையையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தொடர்பான தகவல் என்றாலே மறுக்க வழி செய்துள்ளது. பொதுநலன் கருதி வெளியிடலாம் என்ற 8(2) பிரிவு மட்டும் மீதமிருக்கிறது. ஒருவருடைய நோயும் வங்கிக் கணக்கும் ஊருக்குத் தெரியக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ராஜஸ்தானில் உரக்கப் படிக்கப்பட்டது பெயர்ப் பட்டியல்தான். நூறு நாள் வேலைப் பட்டியலில் உள்ள பெயர்களை ஊரார் பார்க்க முடியாமல் போனால் அந்தப் பட்டியலைச் சரிபார்க்க வேறு யாரால் முடியும்?

பொறியாளர்கள் தகவல் என்று சொல்வது இவை எல்லாவற்றிலிருந்தும் விலகியது. ஆனால் வெள்ள எச்சரிக்கையைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதைத் தொடாமல் முடியாது. 1948-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன், தகவலை அளக்க ஒரு கணித வழியைக் கண்டார். ஒரு செய்தி எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு தகவல் அதில் இருக்கிறது என்பது அதன் அடிப்படை. நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா என்று சொல்வது 1 பிட் (தகவலை அளக்கும் அலகு). சம வாய்ப்புள்ள எட்டில் எது நடந்தது என்று சொல்வது 3 பிட். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து நேற்றும் 8,000 கனஅடி, இன்றும் 8,000 கனஅடி என்றால் அந்தச் செய்தியில் புதிதாக அறிய ஏதுமில்லை. ஒரே இரவில் அது லட்சத்தைத் தொட்டால் அதே நீளமுள்ள வாக்கியம் மிகுந்த தகவலைச் சுமக்கிறது. அந்தச் செய்திக்கு என்ன பொருள், அதனால் யாருக்கு என்ன ஆகும் என்பது பொறியியல் சிக்கலுக்குத் தொடர்பற்றது என்று ஷானன் தெளிவாகச் சொல்லியே தொடங்கினார். கம்பியின் இந்த முனையில் போட்டது அந்த முனையில் சிதையாமல் வந்து சேர்ந்ததா என்பதே அவருடைய கேள்வி. இன்றைய கைப்பேசியும் இணையமும் அந்தக் கணக்கின் மீதுதான் நிற்கின்றன. அதன் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த அளவுகோலைப் பொதுநிர்வாகம் தனக்கும் எடுத்துக்கொண்டுவிட்டதுபோல் தோன்றுகிறது. இத்தனை லட்சம் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது என்று சொல்வது, கம்பியில் போட்டாயிற்று என்று சொல்வது மட்டுமே.

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின் எச்சத்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பேருந்து நிலையப் பகுதியில் நின்ற வாகனங்கள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைத் தங்கள் நாளிதழும் படத்துடன் வெளியிட்டிருக்கும். தென்பெண்ணையில் சேரும் பாம்பாறும் பெருகியது. கீழே திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து அன்று அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்துவிடப்பட்டு, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோர ஊர்கள் நீரில் மூழ்கின. படிப்படியாக எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன என்றது அரசு. முன்னறிவிப்பு இல்லை என்றனர் எதிர்க்கட்சியினர். சட்டப்பேரவையிலும் விவாதம் நடந்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நள்ளிரவில் ‘விநாடிக்கு இத்தனை கனஅடி’ என்று வரும் அறிவிப்பைக் கரையோரத்தில் குடியிருப்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்பதை இரு தரப்புமே பேசியதாக எனக்குத் தெரியவில்லை. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, தண்ணீர் தம் தெருவுக்கு வருமா, எத்தனை மணிக்கு வரும், எங்கே போய்த் தங்குவது என்பவற்றையே.

தமிழில் குறுஞ்செய்தி அனுப்புவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருப்பதும் உண்மை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 குறியீடுகள்தாம், அதிலும் ‘கு’, ‘தெ’ போன்ற உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு குறியீடுகளைப் பிடிக்கும். ஆகவே செலவு கூடும். ஆனால் எண்களைச் சேகரிக்காமலே ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் உரத்த ஒலியோடு எச்சரிக்கை அனுப்பும் முறை 2023-ல் நாடெங்கும் சோதித்துப் பார்க்கப்பட்டது. அன்று என் கைப்பேசியும் அலறியது, தமிழிலும் செய்தி வந்தது. வழி இருக்கிறது. அதில் அனுப்பப்படும் வாசகத்தை எழுதுபவர் ஆற்றங்கரைத் தெருக்களை அறிந்தவராக இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் ஊர்களில் தண்டோரா போடுவார்கள். பறையடிக்க ஒரு சமூகத்தாரையே ஏவிய அந்த வழக்கத்தை நிறுத்தி, வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு 2022-ல் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அது மிகவும் சரியான முடிவு. ஆனால் பல இடங்களில் ஒலிபெருக்கி வாகனமும் வருவதில்லை. அதன் வேலையை ஊராட்சியின் வாட்ஸ்அப் குழு செய்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் குழுவில் சேராத முதியவர்களும், கைப்பேசியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுக் காட்டுவேலைக்குப் போகும் பெண்களும் எங்கள் ஊர்களில்தான் இருக்கிறார்கள்.

சந்தைத் தகவலைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும் சுருக்கமாக முடிக்கிறேன். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியின் ஏல விலை அன்றன்றே குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்று வெளியாவதால் விவசாயி தரகரிடம் ஏமாறாமல் பேச முடிகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிக்கும் கிருஷ்ணகிரி மாங்கூழுக்குப் போகும் பெங்களூரா மாம்பழத்துக்கும் அப்படிப்பட்ட நம்பகமான அன்றாட விலை விவசாயியின் கைக்கு அறுவடைக்கு முன் கிடைப்பதில்லை. ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறு தரப்புக்குத் தெரியாத சந்தைகளை ஆராய்ந்த அகர்லாஃப், ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் மூவருக்கும் 2001-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. மாந்தோப்புக்காரர் அந்த ஆராய்ச்சியைப் படிக்காவிட்டாலும் அதன் உண்மையை ஆண்டுதோறும் அனுபவிக்கிறார்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் வைக்கப்பட்டுள்ள நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் மாடுகளை மீட்டு இறந்தான் என்று வட்டெழுத்தில் பொறித்தவர்கள் அதோடு நிற்கவில்லை. கையில் வில்லும் வாளுமாக நிற்கும் வீரனின் உருவத்தையும் அதே கல்லில் செதுக்கினார்கள். எழுத்தறிந்தவருக்கு எழுத்து, அறியாதவருக்கு உருவம் என்று இருவரையும் எண்ணிச் செய்திருக்கிறார்கள். இது எங்கள் மண்ணின் பழைய நடைமுறை. புதிதாக எங்கிருந்தும் கற்க வேண்டியதில்லை.

ஆகவே மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் திட்டம் எதையும் அன்று. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும், அடிகுழாயிலும், கடைசியாகச் சோதித்த தேதியையும் புளோரைடு அளவையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, ‘குடிக்கவும் சமைக்கவும் ஏற்றது’ அல்லது ‘குளிக்கவும் துவைக்கவும் மட்டும்’ என்ற முடிவையும் அதன்கீழ் எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவருக்காகப் பச்சை, சிவப்பு வண்ணங்களையும் பூச வேண்டும். வங்கதேசத்தில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் கலந்துள்ளதா என்று சோதித்து, லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளுக்கு இப்படிச் சிவப்போ பச்சையோ பூசப்பட்டது. ஏழை நாட்டில் முடிந்தது இங்கே முடியாதது அன்று. ஒகேனக்கல் தண்ணீரோடு ஆழ்குழாய்த் தண்ணீரைச் சேர்த்து ஏற்றும் நாள்களில் அந்த விவரத்தைத் தொட்டியின் அடியில் ஒரு கரும்பலகையில் தொட்டி இயக்குபவரே எழுதிவிடலாம். பழைய தேதியிட்ட நல்ல முடிவு ஒன்றைக் காட்டி இன்றைய தண்ணீரைக் குடிக்கச் சொல்வதற்கு இதனால் இடமில்லாமல் போகும்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராம சபை கூட்ட வேண்டும் என்று 2022 முதல் நம் மாநிலத்தில் நடைமுறை உள்ளது. அந்தக் கூட்டத்தில் அந்த ஊரின் ஒவ்வொரு நீராதாரத்தின் சோதனை முடிவையும், குறியீட்டு எண்ணால் அன்றித் தெருப்பெயரால் சுட்டி, உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஆட்சியர்கள் இருவரும் உத்தரவிட வேண்டுகிறேன். புகார் கொடுப்பவருக்கு அவர் சொன்னதையே படித்துக் காட்டச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தம் பிள்ளைக்கு ஊற்றிக்கொடுக்கும் தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரியாததைப் படித்துக் காட்டுவது அதைவிட அவசியமானது. படித்துக் காட்டியதையும், அதன்மேல் ஊரார் எழுப்பிய கேள்விகளையும் தீர்மானப் புத்தகத்தில் பதிந்தால், அதற்குப் பிறகு ‘உரிய தகவல் தெரிவிக்கப்பட்டது’ என்று அதிகாரிகள் தயக்கமின்றிச் சொல்லலாம்.

தங்கள் நாளிதழிடமும் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. நீர்வரத்தைக் கனஅடியில் வெளியிடும்போது, அந்த அளவுக்கு ஒகேனக்கல்லில் பரிசல் நிறுத்தப்படுமா, தென்பெண்ணைக் கரையில் எந்தெந்தத் தரைப்பாலங்கள் மூழ்கும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிட வேண்டும். அடுத்து, மக்களுக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது என்று ஒரு அதிகாரி கூறினால், எந்த நாளில், எந்த மொழியில், எந்த வழியில், எந்தெந்த ஊர்களுக்கு என்று தங்கள் செய்தியாளர் கேட்டு, கிடைத்த பதிலையும் அதே செய்தியில் வெளியிட வேண்டும்.

இங்ஙனம்,
மனு எழுதிக்கொடுக்கும் வாசகர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.